பத்தாம் வகுப்புக் கணக்குகளைப் படிப்படியாகப் போடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சனி, ஞாயிறுகளில் தக்காளி பறிக்கப் போய்விட்டு நேராக வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இதில் உண்டு. ஒரு கிரேட் என்ன விலை, பத்து கிரேட்டுக்கு எவ்வளவு, கமிஷன் போக கையில் என்ன நிற்கும் என்று கேட்டால் பேப்பர் இல்லாமலே சொல்லிவிடுவார்கள். சூத்திரம் கேட்டாலும் தடங்கலில்லாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் 'ஒரு பேருந்து சீரான வேகத்தில்...' என்று ஒரு கேள்வி தொடங்கினால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கூட்டல், பெருக்கல், சூத்திரம் எதிலும் இவர்களுக்குப் பெரிய குறை கிடையாது. தமிழில் இருக்கும் வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்ற வேண்டிய அந்த ஒரு இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். 'முறையே' என்ற ஒரு சொல் பிடிபடாமல் ஐந்து மதிப்பெண் கணக்கை விட்டுவிட்டு வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த மாற்றும் வேலைக்கே அதிக இடம் கொடுக்கிறேன். கணக்குகளெல்லாம் நம் ஊர்ப் பக்கத்துக் கணக்குகள். எண்கள் நான் வைத்தவை.

எழுத்தைப் பற்றி முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பாடநூலில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று போடுவார்கள். தேர்வில் நீங்களும் அப்படியே போடுங்கள். இங்கே நான் வேகத்துக்கு 'வே', உயரத்துக்கு 'உ' என்று பொருளின் முதல் எழுத்தையே போடுகிறேன். எதைத் தேடுகிறோம் என்பது கடைசி வரி வரைக்கும் மறக்காது.

கேள்வியை மூன்று முறை படியுங்கள்

முதல் முறை படிக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: என்ன கேட்டிருக்கிறார்கள்? பெரும்பாலும் அது கடைசி வரியில் இருக்கும். அதன் கீழே கோடு போடுங்கள்.

இரண்டாம் முறை எண்களையும் அலகுகளையும் தனியாக எடுத்து எழுதுங்கள். கி.மீ., நிமிடம், செ.மீ., லிட்டர் எல்லாம் எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும். ஒரே கணக்கில் மீட்டரும் சென்டிமீட்டரும் கலந்திருந்தால், கணக்கைத் தொடங்கும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள்.

மூன்றாம் முறை படிப்பது தராசைத் தேடுவதற்கு. ஒவ்வொரு வாக்கியக் கணக்கிலும், இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் சமம் என்று சொல்லும் ஒரு வாக்கியம் இருந்தே தீரும். 'சமம்' என்ற சொல் அதில் இல்லாமலும் இருக்கலாம். '15 நிமிடம் முன்னதாகச் சேர்கிறது', '6 மணி நேரத்தில் நிரப்புகின்றன', 'இரண்டின் கன அளவும் மாறவில்லை' என்பவையெல்லாம் தராசு வாக்கியங்களே. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

பிள்ளைகள் வழக்கமாகத் தவறவிடும் சொற்கள் சில உண்டு. 'ஓர் எண்ணின் மூன்று மடங்கை விட 7 குறைவு' என்றால், முதலில் மூன்று மடங்கு, பிறகு அதிலிருந்து 7 கழிக்க வேண்டும். 7-இலிருந்து மூன்று மடங்கைக் கழிப்பவர்கள் நிறைய பேர். 'அடுத்தடுத்த இரு ஒற்றை எண்கள்' என்றால் இடைவெளி 2. ஒற்றை என்று சொன்னதும் 1 கூட்டிவிடுகிறார்கள்; 7-க்கு அடுத்த ஒற்றை எண் 9 என்று ஒரு முறை வாய்விட்டுச் சொன்னால் இந்தத் தவறு வராது. 'ஆரமும் உயரமும் முறையே 7, 10' என்றால் சொன்ன வரிசைப்படியே ஆரம் 7, உயரம் 10. 'குறைந்தபட்சம் ஒரு தலை' என்றால் ஒன்றும் சேரும், அதற்கு மேலே எத்தனை வந்தாலும் சேரும்.

பேருந்துக் கணக்கு: இருபடிச் சமன்பாடு

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 45 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேருந்து சீரான வேகத்தில் போகிறது. அதன் வேகத்தை மணிக்கு 15 கி.மீ. கூட்டியிருந்தால் 15 நிமிடம் முன்னதாகவே கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்திருக்கும். பேருந்தின் வேகம் என்ன?

கேட்டிருப்பது வேகம். எனவே வேகம் = வே (மணிக்கு கி.மீ.).

எண்களை எடுப்போம். தூரம் 45 கி.மீ. கூடிய வேகம் வே + 15. முன்னதாகச் சேரும் நேரம் 15 நிமிடம். இங்கேதான் முதல் பள்ளம். வேகம் 'மணிக்கு' என்று இருக்கிறது, நேரமோ நிமிடத்தில் இருக்கிறது. 15 நிமிடம் = 15/60 = 1/4 மணி. இதை மாற்றாமல் 15 என்றே வைத்தால் கணக்கு முழுக்கத் தவறாகப் போகும், நீங்கள் போட்ட மற்ற எல்லாப் படிகளும் சரியாக இருந்தாலும்.

தராசு வாக்கியம்: '15 நிமிடம் முன்னதாக'. அதாவது பழைய நேரத்திலிருந்து புதிய நேரத்தைக் கழித்தால் 1/4 மணி. எது பெரியது? மெதுவாகப் போனால்தான் அதிக நேரம் ஆகும். எனவே பழைய நேரம்தான் பெரியது, அது முதலில் வர வேண்டும்.

நேரம் = தூரம் ÷ வேகம் என்பதால்,

45/வே − 45/(வே + 15) = 1/4

இதற்கு மேல் வெறும் கைவேலை. இடப்பக்கத்தைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்தால் தொகுதியில் 45(வே + 15) − 45வே. இதில் 45வே அடிபட்டு 45 × 15 = 675 நிற்கும்.

675 / [வே(வே + 15)] = 1/4

குறுக்கே பெருக்கினால் வே² + 15வே = 2700. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால்:

வே² + 15வே − 2700 = 0

இப்போது காரணிப்படுத்த வேண்டும். பெருக்கினால் −2700, கூட்டினால் +15 வரும் இரண்டு எண்கள் எவை? இதைப் பார்த்ததும் பலர் 2 × 1350, 3 × 900 என்று முதலிலிருந்து தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அத்தனை தூரம் போக வேண்டாம். 2700-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 52. இரண்டு எண்களில் ஒன்று 52-க்குக் கீழே, இன்னொன்று மேலே. வித்தியாசம் 15தான் என்பதால் இரண்டுமே 52-க்குப் பக்கத்திலேயே இருக்கும். 50 × 54 = 2700, வித்தியாசம் 4, போதாது. 45 × 60 = 2700, வித்தியாசம் 15. கிடைத்துவிட்டது.

(வே + 60)(வே − 45) = 0

வே = −60 அல்லது வே = 45. வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது. எனவே வேகம் மணிக்கு 45 கி.மீ.

காரணி கண்ணில் படவில்லை என்றால் சூத்திர முறைக்குப் போய்விடுங்கள். காரணி தேடியே பத்து நிமிடம் போக்காதீர்கள். தன்மைக்காட்டி 15² + 4 × 2700 = 225 + 10800 = 11025. 25-இல் முடிவதால் வர்க்கமூலம் 5-இல் முடியும் எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. 10 × 11 = 110, அதன் பின்னால் 25 சேர்த்தால் 11025. எனவே வர்க்கமூலம் 105. (−15 + 105)/2 = 45. அதே விடை.

இனிமேல்தான் என் பிள்ளைகளை நான் விடாமல் பிடித்துவைத்துச் செய்யச் சொல்லும் வேலை. விடையைச் சமன்பாட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், கேள்வியில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் 45 கி.மீ. போக 1 மணி நேரம். 60 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம். வித்தியாசம் 15 நிமிடம். சரி. சமன்பாட்டையே தவறாக எழுதியிருந்தால், அதில் விடையை வைத்துப் பார்ப்பதால் பயன் இல்லை. தவறான சமன்பாட்டுக்கும் அதன் விடை பொருந்தத்தானே செய்யும்? அந்தத் தவறைக் காட்டிக்கொடுப்பது கேள்வியின் வாக்கியம் மட்டுமே.

இன்னொன்று. −60-ஐத் தள்ளும்போது 'வேகம் குறை எண்ணாக இருக்க இயலாது' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியும் கணக்கில் ஒரு படி.

பெட்டி அடுக்குக் கணக்கு: கூட்டுத்தொடர்வரிசை

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் பெட்டிகள் அடுக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடி வரிசையில் 23 பெட்டி, அதற்கு மேல் 21, அதற்கு மேல் 19 என்று போய் உச்சி வரிசையில் 5 பெட்டி இருக்கிறது. மொத்தம் எத்தனை வரிசை? எத்தனை பெட்டி?

முதல் உறுப்பு 23. பொது வித்தியாசம் −2. கடைசி உறுப்பு 5. வித்தியாசம் என்பது எப்போதும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிப்பது: 21 − 23 = −2. குறையும் வரிசையில் பாதிப் பேர் 2 என்று எழுதிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

உறுப்புகளின் எண்ணிக்கை = (கடைசி − முதல்)/வித்தியாசம் + 1 = (5 − 23)/(−2) + 1 = 9 + 1 = 10

அந்த '+ 1' எதற்கு? மனப்பாடம் செய்பவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். நம் பக்கத்தில் காட்டுக்கு வேலி போட கருங்கல் கால் நடுவார்கள் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே ஒரு சந்து. 9 சந்து இருந்தால் கல் எத்தனை? 10. வித்தியாசத்தால் வகுக்கும்போது நமக்குக் கிடைப்பது சந்துகளின் எண்ணிக்கை. நாம் கேட்பதோ கற்களின் எண்ணிக்கை. அதனால்தான் ஒன்று கூட்டுகிறோம்.

மொத்தப் பெட்டிகள் = 10/2 × (23 + 5) = 5 × 28 = 140

இதைச் சரிபார்க்க எல்லாவற்றையும் எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. முதலும் கடைசியும் சேர்ந்தால் 28. இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் (21 + 7) சேர்ந்தால் 28. இப்படி ஐந்து ஜோடி. சூத்திரம் சொல்வதே இந்த ஜோடிக் கணக்கைத்தான்.

இதையே திருப்பிக் கேட்டால் அழகான ஒரு சிக்கல் வரும். '23 + 21 + 19 + ... என்ற தொடரில் எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் 140 கிடைக்கும்?' எண்ணிக்கையை எ என்று வைத்துக்கொள்வோம்.

எ/2 × [2 × 23 + (எ − 1)(−2)] = 140
எ/2 × (48 − 2எ) = 140
எ(24 − எ) = 140
எ² − 24எ + 140 = 0
(எ − 10)(எ − 14) = 0

எ = 10 அல்லது 14. இரண்டுமே நல்ல மிகை எண்கள். எதைத் தள்ளுவது? என் வகுப்பில் பெரும்பாலோர் பழக்கதோஷத்தில் ஒன்றை அடித்துவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். பதினான்கு உறுப்பு வரை எழுதிப் பாருங்கள்: 5-க்குப் பிறகு 3, 1, −1, −3 வரும். அந்த நான்கின் கூடுதல் 0. எனவே 10 உறுப்பைக் கூட்டினாலும் 140, 14 உறுப்பைக் கூட்டினாலும் 140. கேள்வி வெறும் எண் தொடரைப் பற்றியது என்றால் இரண்டு விடையும் சரி, இரண்டையும் எழுத வேண்டும். பெட்டி அடுக்கைப் பற்றியது என்றால் −1 பெட்டி வைத்த வரிசை என்று ஒன்று கிடையாது. எனவே 10 மட்டும்தான். சமன்பாடு ஒன்றுதான், ஆனால் எந்த விடை நிற்கும் என்பதைக் கேள்வியின் வாக்கியம்தான் சொல்கிறது.

குன்றின் உயரம்: முக்கோணவியல்

இங்கே பாறைக் குன்றுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி ஊருக்குள் நின்றாலே கோட்டை மலை தெரியும், ராயக்கோட்டையிலும் அப்படித்தான். தரையில் ஓரிடத்தில் நின்று ஒரு குன்றின் உச்சியைப் பார்க்கும்போது ஏற்றக்கோணம் 30°. குன்றை நோக்கி 100 மீ. நடந்த பிறகு பார்த்தால் 60°. குன்றின் உயரம் என்ன?

படம் போடாமல் இந்தக் கணக்கைத் தொடாதீர்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். கிடைக்கோடு ஒன்று, அதன் ஒரு முனையில் செங்குத்தாகக் குன்று. தூரத்துப் புள்ளியில் 30°, கிட்டத்துப் புள்ளியில் 60°. கோணங்களை மாற்றிப் போட்டுவிடாமல் இருக்க அனுபவத்தை நினையுங்கள்: மலைக்குக் கிட்டே போகப் போகக் கழுத்தை அதிகமாக அண்ணாந்தால்தான் உச்சி தெரியும். எனவே கிட்டத்தில் இருப்பதுதான் பெரிய கோணம்.

உயரம் = உ. கிட்டத்துப் புள்ளியிலிருந்து குன்றின் அடிக்குத் தூரம் = தூ. அப்படியானால் முதல் இடத்திலிருந்து தூரம் தூ + 100.

சைனா, காஸா, டேனா? தெரிந்ததும் தேடுவதும் எந்தப் பக்கங்கள் என்று பாருங்கள். உயரம் எதிர்ப்பக்கம், தரைத் தூரம் அடுத்துள்ள பக்கம். கர்ணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எனவே டேன். கயிறு, ஏணி, பட்டம் விடும் நூல் என்று வந்தால் கர்ணம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது சைன் அல்லது காஸ்.

டேன் 60° = உ/தூ, எனவே √3 = உ/தூ, உ = √3 தூ
டேன் 30° = உ/(தூ + 100), எனவே 1/√3 = உ/(தூ + 100), √3 உ = தூ + 100

முதலாவதை இரண்டாவதில் வைத்தால் √3 × √3 தூ = தூ + 100. அதாவது 3தூ = தூ + 100, எனவே தூ = 50 மீ. உ = 50√3 = 50 × 1.732 = 86.6 மீ.

கேள்வியில் வைத்துப் பார்ப்போம். 86.6/50 = 1.732, அது டேன் 60°. 86.6/150 = 0.577, அது டேன் 30°. சரியாக இருக்கிறது.

√3-ஐ முதலிலேயே 1.732 என்று மாற்றிவிடுவது பலரிடம் இருக்கும் கெட்ட பழக்கம். கடைசி வரி வரை √3 ஆகவே வைத்திருங்கள். மேலே √3 × √3 = 3 என்று ஒரே வரியில் முடிந்தது. தசமத்தில் போட்டிருந்தால் அங்கே 1.732 × 1.732 என்று ஒரு பெருக்கல் வந்து நிற்கும்.

இறக்கக்கோணத்தில் ஒரு எச்சரிக்கை. ஒகேனக்கல் தொங்கு பாலத்தின் மேல் நின்று கீழே போகும் பரிசலைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். இறக்கக்கோணம் 30° என்றால், நேராகப் பார்க்கும் கிடைக்கோட்டிலிருந்து கண் 30° இறங்கியது என்று பொருள். பிள்ளைகள் இதைப் பாலத்திலிருந்து நேர் கீழே இறங்கும் செங்குத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் குறித்துவிடுகிறார்கள். அது 60° இருக்க வேண்டிய இடம். உச்சியில் எப்போதும் ஒரு கிடைக்கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டுவிட்டு, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால் அதே 30°-ஐக் கீழே பரிசல் இருக்கும் முனையில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அது ஏற்றக்கோணக் கணக்காகவே ஆகிவிடும்.

ராகிக் குவியல்: அளவியல்

களத்தில் ராகியைத் தூற்றிக் கூம்பாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். குவியலின் அடிச்சுற்றளவு 8.8 மீ., உயரம் 1.05 மீ. மழைக்கு மூட எவ்வளவு தார்ப்பாய் வேண்டும்? அந்த ராகியை 70 செ.மீ. ஆரமுள்ள உருளை வடிவக் குதிரில் கொட்டினால் எவ்வளவு உயரத்துக்கு வரும்?

அளவியலில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: மேலே போர்த்துகிறோமா, உள்ளே நிரப்புகிறோமா? போர்த்துவது, பெயின்ட் அடிப்பது, தகடு சுற்றுவது எல்லாம் பரப்பு. நிரப்புவது, உருக்கி வார்ப்பது, கொட்டுவது எல்லாம் கன அளவு. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் தவறான சூத்திரத்தை எடுக்க மாட்டீர்கள்.

முதலில் ஆரம். 2 × 22/7 × ஆரம் = 8.8, எனவே ஆரம் = 8.8 × 7/44 = 1.4 மீ.

தார்ப்பாய் குவியலின் சாய்வான பக்கத்தை மூடுகிறது, அடியில் தரைதான். எனவே வளைபரப்பு மட்டும் போதும், மொத்தப் பரப்பு வேண்டாம். அதற்குச் சாயுயரம் வேண்டும்.

சாயுயரம் = √(1.4² + 1.05²) = √(1.96 + 1.1025) = √3.0625 = 1.75 மீ.

வளைபரப்பு = 22/7 × 1.4 × 1.75 = 4.4 × 1.75 = 7.7 ச.மீ.

இனி குதிர். 70 செ.மீ. = 0.7 மீ. என்று முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். தராசு வாக்கியம் இங்கே வெளிப்படையாக இல்லை. ஆனால் ராகி இடம் மாறினாலும் அளவு மாறாது என்பதுதான் அது. கூம்பின் கன அளவு = உருளையின் கன அளவு.

1/3 × 22/7 × 1.4 × 1.4 × 1.05 = 22/7 × 0.7 × 0.7 × உ

அவசரப்பட்டு இடப்பக்கத்தைப் பெருக்க வேண்டாம். இரண்டு பக்கமும் 22/7 இருக்கிறது, அடித்துவிடுங்கள். 1.4-ஐ 0.7-ஆல் வகுத்தால் 2, அது இரண்டு முறை. 1.05-ஐ 3-ஆல் வகுத்தால் 0.35. எனவே உ = 2 × 2 × 0.35 = 1.4 மீ. மூன்று வரியில் முடிந்தது. 22/7-ஐப் போட்டுப் பெருக்கி 2.156 கன மீட்டர் என்று எடுத்து, பிறகு 1.54-ஆல் வகுத்தாலும் இதே விடைதான் வரும். ஆனால் அந்த வழியில் ஒரு தசமப்புள்ளி இடம் மாறினால் எல்லாம் போய்விடும்.

புள்ளியியலும் நிகழ்தகவும்

இதில் கணக்கு எளிது, பொறுமைதான் வேண்டும். ஐந்து நாள் தக்காளி விலை கிலோவுக்கு 8, 12, 20, 26, 34 ரூபாய் என்று வைப்போம். சராசரி 100/5 = 20. விலக்கங்கள் −12, −8, 0, 6, 14. இங்கே ஒரு நொடி நின்று விலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். பூஜ்ஜியம் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் சராசரியிலோ கழித்தலிலோ தவறு. வர்க்கங்கள் 144, 64, 0, 36, 196, கூடுதல் 440. ஐந்தால் வகுத்தால் 88. திட்ட விலக்கம் √88, அதாவது ஏறக்குறைய 9.38. மாறுபாட்டுக் கெழு 9.38/20 × 100 = 46.9%. ராகி விலை 34, 35, 36, 36, 34 என்று இருந்தால் இதே வழியில் மாறுபாட்டுக் கெழு 2.6% வரும். தக்காளி போட்டவர் வீட்டில் ஏன் தூக்கம் வராது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

நிகழ்தகவில் சீட்டுக்கட்டுக் கணக்கு வரும். சீட்டுக்கட்டையே கையில் தொடாத பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: மொத்தம் 52 சீட்டு. நான்கு வகை: ஸ்பேடு, கிளாவர் கறுப்பு, ஹார்ட், டைமண்ட் சிவப்பு. ஒவ்வொரு வகையிலும் 13. ஒவ்வொரு வகையிலும் ராஜா, ராணி, மந்திரி என்று 3 படச்சீட்டு, ஆக 12. 'குறைந்தபட்சம்' என்று வந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து போவது எளிது. மூன்று நாணயங்களைச் சுண்டும்போது குறைந்தபட்சம் ஒரு தலை விழ நிகழ்தகவு என்ன? மொத்தம் 8 வாய்ப்பு. தலையே விழாமல் போவது ஒரே ஒரு முறை. எனவே 1 − 1/8 = 7/8.

வரைபடமும் வடிவியலும்: 16 மதிப்பெண்

இந்த இரண்டும் ஆளுக்கு 8. கணக்கே வராது என்று சொல்லும் பிள்ளையிடம் நான் முதலில் தொடங்குவது இங்கேதான், ஏனென்றால் இங்கே வாக்கியச் சிக்கல் குறைவு, கைப்பழக்கம்தான் அதிகம்.

ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 3 என்ற வளைவரையை வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ்² − 2எக்ஸ் − 8 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்கிறார்கள் என்று வைப்போம். எக்ஸ் −3 முதல் 5 வரை எடுத்தால் ஒய் மதிப்புகள் 12, 5, 0, −3, −4, −3, 0, 5, 12. நடுவில் −4, இரு பக்கமும் ஒரே எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல. இப்படிச் சமச்சீராக வராவிட்டால் அட்டவணையில் எங்கோ குறி தவறியிருக்கிறது. புள்ளி வைக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். பிறகு முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். எக்ஸ்² அடிபடும், −2எக்ஸ் அடிபடும், −3 − (−8) = 5. எனவே ஒய் = 5 என்ற கிடைக்கோடு. அது வளைவரையை எக்ஸ் = −2, எக்ஸ் = 4 என்ற இடங்களில் வெட்டும். அவைதான் விடைகள். இந்தக் கழித்தலில் இரட்டைக் குறைக்குறியை மறந்து −11 எழுதினால் கோடு வளைவரையைத் தொடவே தொடாது; வளைவரையின் அடிப்புள்ளியே −4 தான். கோடு வெட்டவில்லை என்றால் மறுபடி கழித்துப் பாருங்கள். அளவுத்திட்டத்தைத் தாளின் மேல் மூலையில் எழுத மறக்காதீர்கள். புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைக்காமல் கையாலேயே வளைவாக இணையுங்கள்.

வடிவொத்த முக்கோணம் வரைவதில் 7/4, 3/5 என்று விகிதம் வந்ததும் குழப்பம் வரும். இரண்டில் எது பெரிய எண்ணோ, அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து சாய்வாக வரையும் கதிரில் அத்தனை புள்ளி. பகுதியில் இருக்கும் எண்ணின் புள்ளியை அடிப்பக்கத்தின் மறுமுனையோடு இணைக்க வேண்டும். தொகுதியில் இருக்கும் எண்ணின் புள்ளி வழியாக அதற்கு இணைகோடு. 7/4 என்றால் 7 புள்ளி வைத்து, 4-ஆவதை இணைத்து, 7-ஆவது வழியாக இணைகோடு, முக்கோணம் பெரிதாகும். 3/5 என்றால் 5 புள்ளி, 5-ஆவதை இணைத்து, 3-ஆவது வழியாக இணைகோடு; சிறிதாகும். உதவிப்படத்தை விடாமல் போடுங்கள்.

மூன்று மணி நேரத்தைப் பிரிப்பது

பொதுத்தேர்வில் கணக்குத் தாள் 100 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. தேர்ச்சிக்கு 35. இரண்டு, ஐந்து மதிப்பெண் பகுதிகளில் 14 கேள்வியிலிருந்து 10 எழுத வேண்டும், அவற்றில் ஒன்று கட்டாயம். என் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கணக்கு: ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 35, ஐந்துக்கு 80, வரைபடத்துக்கும் வடிவியலுக்கும் சேர்த்து 35. மீதி 15 நிமிடம் விடைகளைக் கேள்வியில் வைத்துப் பார்க்க. பாதியில் நின்ற கணக்கை அடித்துவிடாதீர்கள். சமன்பாடு வரை சரியாக எழுதியிருந்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு.

கடைசியாக ஒரு கணக்கை உங்கள் கையில் கொடுக்கிறேன். பெண்ணாகரம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டியை இரண்டு மோட்டார்கள் சேர்ந்து 6 மணி நேரத்தில் நிரப்புகின்றன. தனித்தனியாக ஓடவிட்டால் சின்ன மோட்டாருக்குப் பெரியதை விட 5 மணி நேரம் அதிகம் ஆகும். ஒவ்வொன்றும் தனியாக எவ்வளவு நேரத்தில் நிரப்பும்? நேரங்களைக் கூட்டாதீர்கள், ஒரு மணி நேரத்தில் தொட்டியில் எத்தனை பங்கு நிரம்பும் என்று யோசியுங்கள். விடையை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு நேரங்களையும் எடுத்து, 1-ஐ ஒவ்வொன்றாலும் வகுத்துக் கூட்டிப் பாருங்கள். 1/6 வந்தால் போட்டது சரி.